ஹார்ட்னெஸ் சரியாக இருந்தும் ஓ-ரிங் ஏன் கசிகிறது?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். கேட்டவர் கோவையில் சின்ன அளவில் பிரஷர் பம்ப் அசெம்பிள் செய்பவர். சோலார் வாட்டர் ஹீட்டரின் வெந்நீர் லைனில் போடுகிற மாடல். கேசிங் ஜாயின்டில் கசிவை அடைக்க 3.53 மி.மீ. தடிமனுள்ள நைட்ரைல் (ஒரு செயற்கை ரப்பர்) ஓ-ரிங் வளையம், ஹார்ட்னெஸ் (கெட்டித்தன்மை) 70 ஷோர் ஏ, அதற்கென வெட்டிய காடியில் உட்கார்ந்தால் 25 சதவீதம் நசுங்கும். முதல் வருடம் ஒரு புகாரும் இல்லை. இரண்டாவது வருட மார்கழியில் ஐந்தாறு வீடுகளிலிருந்து ஒரே புகார்: விடியற்காலையில் ஜாயின்டில் சொட்டுகிறது, வெந்நீர் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. ரிங்கைக் கழற்றிப் பார்த்தால் விரிசல் இல்லை, உப்பவில்லை, ஹார்ட்னெஸ் 74. சப்ளையரைக் கேட்டால், "எங்கள் ரிப்போர்ட்டில் 70 டிகிரி, 22 மணி நேரத்துக்குக் கம்ப்ரெஷன் செட் 18 சதவீதம்தான், சரக்கில் குறை இல்லை" என்கிறார். (கம்ப்ரெஷன் செட் என்றால், நசுக்கி எடுத்த பிறகு திரும்பி வராமல் போகும் பங்கு.) அப்படியானால் காடியின் அளவு தப்பா, சரக்கு தப்பா?

சப்ளையர் பொய் சொல்லவில்லை, உங்கள் காடியும் தப்பில்லை. ஆனால் நீங்கள் இருவரும் பேசுகிற இரண்டு எண்களும், அதாவது ஹார்ட்னெஸும் அந்த 22 மணி நேர செட்டும், இந்தப் பிரச்சினையைப் பற்றி எதையும் சொல்லாதவை. ஓ-ரிங் தண்ணீரை நிறுத்துவது கெட்டியாக இருப்பதால் அல்ல, நசுங்கிய இடத்திலிருந்து திரும்பி வர முயன்று இரண்டு பக்க உலோகத்தையும் தள்ளிக்கொண்டே இருப்பதால். அந்தத் தள்ளுகிற விசை நாளாக ஆகக் குறையும். எந்த ரப்பராக இருந்தாலும் குறையும். எவ்வளவு வேகமாக என்பதில்தான் ஒரு காம்பவுண்டுக்கும் (ரப்பர் கலவைக்கும்) இன்னொன்றுக்கும் வித்தியாசம். உங்கள் ரிங் தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டது, வெளியே பார்க்க ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்.

முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் தொழிலில் இருப்பவர்களே இதை ஒன்றாகக் குழப்புகிறார்கள். ரப்பரை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு நசுக்கி அப்படியே பிடித்து வைத்தால், அது எதிர்த்துத் தள்ளும் விசை நேரம் போகப்போகக் குறையும். இது ஸ்ட்ரெஸ் ரிலாக்சேஷன், பாடப்புத்தகத் தமிழில் தகைவுத் தளர்வு. ஒரு எடையை ரப்பர் மேல் ஏற்றி அப்படியே விட்டால் எடை மாறாது, ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், இது க்ரீப். மூன்றாவது, நசுக்கி வைத்ததை எடுத்து விட்டுவிட்டால் எவ்வளவு திரும்பி வராமல் போகிறது என்பது; இது கம்ப்ரெஷன் செட். ஓ-ரிங், கேஸ்கெட், தண்ணீர்க் குழாய் ஜாயின்ட் ரப்பர் எல்லாம் முதல் வகை, பாலத்துக்கு அடியில் வைக்கும் பேரிங்கும் மெஷின் மவுண்டும் இரண்டாவது வகை. மூன்றாவது எந்தப் பாகத்துக்கும் நேரடி வேலை அல்ல, அளப்பதற்கு சுலபம் என்பதால் எல்லோரும் அதையே அளக்கிறார்கள்.

சரி, விசை ஏன் குறைகிறது? இரண்டு காரணங்கள். இரண்டும் வேறு வேறு கடிகாரத்தில் ஓடுகின்றன, அதுதான் இதில் வேடிக்கை.

முதல் காரணம் வெறும் நகர்தல். ரப்பர் என்பது நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்கிக் கிடக்கும் கும்பல். அங்கங்கே கிராஸ்லிங்க் போட்டு முடிச்சிட்டிருக்கிறோம், அதுதான் வல்கனைசேஷன். நசுக்கியதும் முடிச்சுக்கு நடுவில் இருக்கும் சங்கிலிகள் இழுபடுகின்றன. ஆனால் முடிச்சு இல்லாமல் வெறுமனே சிக்கிக்கொண்டிருக்கும் பின்னல்கள், ஒரு முனை மட்டும் கட்டப்பட்டுத் தொங்கும் வால்கள், கார்பன் பிளாக் துகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் துண்டுகள் எல்லாம் மெல்ல வழுக்கி வசதியான இடத்துக்குப் போய்விடுகின்றன. கூட்டமான பஸ்ஸில் ஏறியவுடன் எல்லோரும் இடித்துக்கொண்டு நிற்பார்கள், பத்து நிமிடத்தில் அவரவர் கொஞ்சம் ஒதுங்கி ஒரு மாதிரி அடங்கிவிடும், அதைப்போல. எதுவும் அறுவதில்லை, எதுவும் கெடுவதில்லை.

இந்த நகர்தல் நேரத்தின் மடக்கைக் (லாகரிதம்) கணக்கில் போகும். அதாவது ஒரு நிமிடத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் எவ்வளவு குறைகிறதோ, ஏறக்குறைய அதே அளவுதான் பத்திலிருந்து நூறு நிமிடத்துக்குள்ளும், நூறிலிருந்து ஆயிரத்துக்குள்ளும் குறையும். எதுவும் கலக்காத இயற்கை ரப்பரில் இது பத்து மடங்குக்கு 2 சதவீதம் அளவில்தான் இருக்கும், கார்பன் பிளாக் நிறையப் போட்ட சரக்கில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு. கணக்குக்கு 5 என்று வையுங்கள். ஒரு நிமிடத்தில் இருந்த விசையை 100 என்று கொண்டால் பத்து நிமிடத்தில் 95, நூறு நிமிடத்தில் 90, ஆயிரம் நிமிடம் என்கிற சுமார் 17 மணி நேரத்தில் 85, ஒரு வாரத்தில் 80, எழுபது நாளில் 75, அப்புறம் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆகும்போதுதான் 70. முதல் நாளிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது, பிறகு வருடக்கணக்கில் மிக மெதுவாக. இதற்காக ஒருவரும் கவலைப்பட வேண்டியதில்லை. 25 சதவீதம் நசுக்க வேண்டும் என்று காடிக்கு அளவு வைத்தவர்கள் இதையும் சேர்த்துத்தான் வைத்தார்கள்.

இரண்டாவது காரணம்தான் உங்கள் பம்பைச் சொட்ட வைத்தது. அது வேதியியல். சூட்டிலும் ஆக்சிஜனிலும் சங்கிலிகளே அறுகின்றன, முடிச்சுகளும் அவிழ்கின்றன. அறுந்த சங்கிலி தள்ளாது. இது மடக்கைக் கணக்கில் போகாது, ஏறக்குறைய நேரத்தோடு நேராகப் போகும். ஆரம்பத்தில் நகர்தலின் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும், முதல் சில நாள் சோதனையில் கண்ணிலேயே படாது. மடக்கைத் தாளில் வரைந்தால் ஒரு நேர்கோடு அழகாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஓரிடத்தில் கீழே வளைந்து விழும். அந்த வளைவுதான் வேதியியல் மேலே வந்துவிட்ட இடம். குளிர்ந்த இடத்தில் இருக்கும் ரப்பருக்கு அது பல பத்தாண்டு தள்ளி வரும். 65, 70 டிகிரி வெந்நீரில் இருக்கும் சாதாரணக் கந்தக க்யூர் (கந்தகம் சேர்த்து வேகவைத்து முடிச்சிட்ட) நைட்ரைலுக்கு அது உங்கள் வாரண்டி முடியும் சமயத்தில் வந்து நிற்கும்.

இதைத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்காவில் ஆர்தர் டோபோல்ஸ்கி, 1940களில். அவரும் கூட இருந்தவர்களும் செய்த சோதனை எளிமையானது, ஆனால் அபார யோசனை. ஒரே ரப்பரில் இரண்டு துண்டு. ஒன்றை இழுத்துப் பிடித்தபடியே சூட்டில் வைத்து விசையை அளந்துகொண்டே வருவது. இன்னொன்றை அதே சூட்டில் இழுக்காமல் தளர்வாக வைத்து, அளக்கும் நேரத்தில் மட்டும் அதே நீளத்துக்கு இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவது. முதல் துண்டில் விசை இறங்கிக்கொண்டே போனது. இரண்டாவது துண்டில் அந்த அளவுக்கு இறங்கவில்லை, சில ரப்பர்களில் ஏறவே செய்தது.

ஒரே சூடு, ஒரே நேரம், ஒரே சரக்கு. எப்படி? சூட்டில் பழைய சங்கிலிகள் அறுகிற அதே நேரத்தில் புது முடிச்சுகளும் விழுகின்றன. தளர்வாக இருந்த துண்டில் விழுந்த புது முடிச்சு, பிறகு இழுக்கும்போது பழையதோடு சேர்ந்து எதிர்க்கிறது. ஆனால் இழுத்துப் பிடித்த துண்டில் விழுந்த புது முடிச்சுக்கு அந்த இழுபட்ட நிலைதான் பிறந்த வீடு. அதற்குத் திரும்பிப் போக வேண்டும் என்கிற எண்ணமே கிடையாது, ஆகவே விசையில் அதற்குப் பங்கு இல்லை. தள்ளுவதெல்லாம் மிச்சமிருக்கும் பழைய முடிச்சுகள் மட்டுமே.

கொய்யா மரத்தில் காய்ப்புக்காகக் கிளையை வளைத்துத் தரையில் குச்சி அடித்துக் கட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். கட்டிய அன்று கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருக்கும். ஒரு வருடம் கழித்துக் கயிற்றைத் தொட்டால் தொளதொள என்றிருக்கும், அறுத்துவிட்டாலும் கிளை லேசாக எழும்பிவிட்டு அங்கேயே நிற்கும். கிளை மெலிந்துவிட்டதா? இல்லை, முன்னைவிடப் பருத்துக் கெட்டியாகத்தான் இருக்கிறது. புதிதாக வளர்ந்த மரம் எல்லாம் வளைந்த நிலையிலேயே வளர்ந்தது.

உங்கள் 74 ஹார்ட்னெஸ் அந்தப் பருத்த கிளை. நைட்ரைல் சூட்டில் பொதுவாகக் கெட்டிப்படுகிற ஜாதி, அறுவதைவிடப் புது முடிச்சு விழுவது அதிகம். ஹார்ட்னெஸ் மீட்டர் ஊசியை அழுத்தும்போது பழைய முடிச்சு, புது முடிச்சு எல்லாம் சேர்ந்து எதிர்க்கும், எண் ஏறும். காடிக்குள் நசுங்கிக் கிடக்கும்போது பழையது மட்டும்தான் தள்ளும். 70 வந்து 74 ஆகியிருக்கிறது என்றால் ரப்பர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, உள்ளே வேதியியல் நடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். இதை நான் எத்தனையோ குவாலிட்டி மீட்டிங்கில் சொல்லியாகிவிட்டது, அடுத்த மாதம் மறுபடியும் யாராவது ஹார்ட்னெஸ் மீட்டரோடு வந்து நிற்பார்கள்.

இப்போது விடியற்காலை விவகாரம். ரப்பரின் மீள் விசை உலோக ஸ்பிரிங் மாதிரி அல்ல. 1805-லேயே ஜான் கஃப் என்கிற ஆங்கிலேயர் (கண் பார்வை இல்லாதவர்) இழுத்த ரப்பரைச் சூடாக்கினால் அது சுருங்குவதைக் கவனித்தார், பிறகு 1859-ல் இயற்பியலாளர் ஜூல் அதை அளந்து எழுதினார். சூடு ஏறினால் ரப்பரின் விசை ஏறும், இறங்கினால் இறங்கும், ஏறக்குறைய கெல்வின் வெப்பநிலையின் விகிதத்தில். உங்கள் ஜாயின்ட் 65 டிகிரியில் வேலை செய்துவிட்டு இரவில் 18 டிகிரிக்கு இறங்குகிறது என்றால், கெல்வினில் 338-லிருந்து 291. இருக்கிற விசையில் 14 சதவீதம் போய்விட்டது. அதோடு, ரப்பர் குளிரில் சுருங்குவது இரும்பைவிடப் பத்து மடங்குக்கு மேல். உங்கள் ரிங்கின் குறுக்கே அது 0.02, 0.03 மி.மீ. வரும். புது ரிங்காக இருந்தால் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, தள்ளுவதற்கு நிறைய கையிருப்பு இருக்கிறது. முக்கால்வாசி விசை ஏற்கெனவே போன ரிங்குக்கு இந்தக் கடைசிக் கொசுறுதான் விளிம்பைத் தாண்ட வைக்கிறது. குளிரில் ரப்பர் மந்தமாகவும் ஆகும், இடைவெளி திறந்தால் பின்தொடர்ந்து போய் அடைக்க நேரம் எடுக்கும்.

இன்னொன்று, பம்ப் ஓடும்போது ஏன் சொட்டவில்லை என்பது. ஓ-ரிங்கின் கெட்டிக்காரத்தனமே அதுதான்: உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீரே ரிங்கைக் காடியின் மறுபக்கம் தள்ளி இறுக்கிவிடும். 2 பார், 3 பார் வந்துவிட்டால் ரிங்குக்குச் சொந்த விசை குறைவாக இருந்தாலும் ஒப்பேற்றிவிடும். விடியற்காலையில் பம்ப் நின்றிருக்கிறது, மேல் டேங்கிலிருந்து வரும் சில மீட்டர் தண்ணீரின் அழுத்தம் மட்டும்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் ரிங் சொந்தக் காலில் நிற்க வேண்டும், அதற்குத் தெம்பு இல்லை. ஆகவே உங்கள் ஃபேக்டரியில் பழைய பம்பை வரவழைத்து 5 பாரில் ஹைட்ரோ டெஸ்ட் செய்து "லீக் இல்லையே" என்று திருப்பி அனுப்புவதில் பிரயோஜனம் இல்லை. குளிர்ந்த நிலையில், குறைந்த அழுத்தத்தில் பாருங்கள்.

(இந்த இடத்தில் யாராவது சேலஞ்சர் விண்கல விபத்தைக் கொண்டுவருவார்கள், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். 1986 ஜனவரி 28 அன்று அந்த ஓ-ரிங் தோற்றது வருடக்கணக்கில் விசை தளர்ந்ததால் அல்ல. உறைபனிக் குளிரில் ரப்பர் மந்தமாகி, இணைப்பு திறந்த வேகத்துக்கு அதனால் பின்தொடர முடியவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ஃபைன்மேன் ஒரு கிளாஸ் ஐஸ் தண்ணீரில் கிளாம்ப் போட்ட ரப்பர் துண்டை நனைத்து, கிளாம்பை எடுத்ததும் அது உடனே எழும்பாததைக் காட்டியது அதைத்தான். உங்கள் பிரச்சினையில் அதன் சின்னத் தம்பி ஒருவன் இருக்கிறான், அவ்வளவுதான்.)

கழற்றிய ரிங்கை வைத்து இதையெல்லாம் நீங்களே சரிபார்க்கலாம். ரிங்கை வெட்டிக் குறுக்குவெட்டைப் பாருங்கள். புதிதில் வட்டமாக இருந்தது இப்போது இரண்டு பக்கமும் தட்டையாகி ரயில்வே ஸ்லீப்பர் கட்டை மாதிரி இருக்கும். தட்டைப் பக்கத்தில் காடியின் லேத் கோடுகள்கூட அச்சு எடுத்தது போலப் பதிந்திருக்கும், லென்ஸ் வைத்தால் எண்ணலாம். வெர்னியரில் தட்டைக்குத் தட்டை அளந்து 3.00 மி.மீ. வந்தது என்று வையுங்கள். காடியில் இருந்தபோது உயரம் 2.65, புதிதில் 3.53. நசுக்கியது 0.88, திரும்பி வராதது 0.53. செட் 60 சதவீதம். உங்களுக்கு வந்த புகாரின் விவரத்தைப் பார்த்தால் எனக்கு இதுமாதிரி ஒரு எண்தான் வரும் என்று தோன்றுகிறது, அளந்து சொல்லுங்கள்.

அப்படியானால் 40 சதவீத விசை மிச்சம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அந்த நேர்க்கணக்கு இங்கே செல்லாது. செட் அளக்கும்போது ரிங் விடுபட்டு அரை மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அளக்கிறோம். பழைய முடிச்சுகள் மேலே இழுக்கின்றன, புது முடிச்சுகள் கீழே பிடித்துக்கொள்கின்றன, இரண்டும் சமரசம் செய்துகொண்ட இடம்தான் அந்த 3.00. ஒரே செட் காட்டும் இரண்டு காம்பவுண்டுகள் காடிக்குள் வெவ்வேறு விசையில் தள்ளிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் சீலிங் வேலைக்கு நேராக விசையையே அளக்கும் முறை தனியாக இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 3384. 13 மி.மீ. விட்டமும் 6.3 மி.மீ. உயரமும் உள்ள ஒரு சின்ன ரப்பர் வில்லை, அல்லது ஒரு வளையம், 25 சதவீதம் நசுக்கி ஜிக்கில் பூட்டி, 30 நிமிடம் கழித்து முதல் விசை, பிறகு ஓவனில் வைத்து நாள்கணக்கில், வாரக்கணக்கில் விசை. சூட்டிலேயே அளப்பது ஒரு வகை, ஒவ்வொரு தடவையும் 23 டிகிரிக்கு ஆறவிட்டு அளப்பது இன்னொரு வகை. உங்களுக்குத் தேவை இரண்டாவது, ஏனென்றால் உங்கள் கசிவு ஆறிய நேரத்தில்தான் வருகிறது.

அந்த ஜிக் ஒன்றும் பெரிய ராக்கெட் இல்லை. வாலஸ்-ஷாபரி என்று பழைய ஆங்கிலக் கருவி ஒன்று உண்டு. ரப்பரை நசுக்கி வைத்திருக்கும் பூட்டின் மேல் மெல்ல விசை ஏற்றுவது, ரப்பரின் எதிர்விசையைத் தாண்டிய கணத்தில் பூட்டின் உலோகத் தொடர்பு விட்டு ஒரு மின் இணைப்பு துண்டாகும், அந்தக் கணத்து விசைதான் ரப்பரின் விசை. ஒரு நல்ல லேத்காரரும் ஒரு லோட் செல்லும் கிடைத்தால் இதே தத்துவத்தில் ஒன்றை நம் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அளக்கும்போது ரப்பரைக் கூடுதலாக நசுக்குவது நூறில் சில பங்கு மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, போனால் அந்தக் கூடுதலுக்கான விசையை அளந்துவிட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இனி அந்த 22 மணி நேர ரிப்போர்ட். 70 டிகிரியில் 22 மணி நேரம் என்பது, காம்பவுண்ட் ஒழுங்காகக் கலந்து ஒழுங்காக வெந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. சோறு வெந்துவிட்டதா என்று ஒரு பருக்கையை எடுத்து நசுக்குகிறோமே, அது. அந்தச் சோறு நாளைக்குக் கெடுமா என்பதை அது சொல்லாது. நகர்தல் பங்கும், வேகாத சரக்கு இருந்தால் அதுவும் அதில் தெரியும், இரண்டு வருட வேதியியல் தெரியவே தெரியாது. பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிப்பாகும் என்கிற கை கணக்கை எடுத்துக்கொண்டால், 65 டிகிரியில் இரண்டு வருட ஓட்டத்தை 105 டிகிரியில் பார்க்க 16-ல் ஒரு பங்கு நேரம் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 1,100 மணி நேரம், ஆறரை வாரம். பம்ப் நாள் முழுக்கச் சூடாக இருப்பதில்லை என்பதைக் கழித்தாலும் இரண்டு மூன்று வாரத்துக்குக் கீழே வராது. 22 எங்கே, 1,100 எங்கே.

இந்தக் கை கணக்கையும் ரொம்ப நம்பிவிடக் கூடாது. சூட்டைக் கூட்டிச் சோதிக்கும்போது ஆக்சிஜன் ரப்பருக்குள் ஊறிப் போவதற்குள் மேல்தோலிலேயே செலவாகிவிடும். வெளியே கருகி, உள்ளே பச்சையாக ஒரு துண்டு கிடைக்கும், நிஜத்தில் மிதமான சூட்டில் அது உள்ளே வரை சமமாகப் போயிருக்கும். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் கில்லன், செலினா, பெர்ன்ஸ்டீன் ஆகியோர் ப்யூட்டைல் என்கிற செயற்கை ரப்பர் ஓ-ரிங்குகளில் விசைத் தளர்வையும் ஆக்சிஜன் உறிஞ்சுவதையும் சேர்த்துப் பார்த்து, அதிகச் சூட்டில் கிடைக்கும் கோட்டை அப்படியே கீழே நீட்டினால் ஆயுளைக் கூட்டிச் சொல்லிவிடும் என்று காட்டினார்கள். ஆகவே சோதனைச் சூட்டை வேலைச் சூட்டிலிருந்து ரொம்ப தூரம் தள்ளாதீர்கள். 150-ல் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்பவரிடம் சரக்கு வாங்காதீர்கள்.

இதே ஆக்சிஜன் விஷயம் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் 1889-ல் ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் இயற்கை ரப்பர் பட்டைகளை வைத்தார்கள். அன்றைக்கு இன்று நாம் போடும் ஆன்டிஆக்சிடன்ட் எல்லாம் கிடையாது. நூறு வருடத்தை நெருங்கும்போது வெட்டிப் பார்த்தால் மேல்தோலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் கெட்டிருந்தது, உள்ளே ரப்பர் ரப்பராகவே இருந்தது. கனமான துண்டு, மிதமான சூடு, ஆக்சிஜன் உள்ளே போக வழி இல்லை. இயற்கை ரப்பர் சீக்கிரம் போய்விடும் என்று கைவிரிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 3.53 மி.மீ. ரிங்குக்கு அந்தச் சௌகரியம் இல்லை, அதன் மொத்த உடம்புமே மேல்தோல்தான். காடியை மாற்ற முடியுமானால் 5.33 தடிமனுக்குப் போவது ஆயுளை நன்றாகக் கூட்டும், ஆனால் காஸ்டிங் பேட்டர்னை மாற்ற வேண்டும் என்றால் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

ஆகவே சரக்கைப் பார்ப்போம். நைட்ரைலைக் கந்தகத்தில் வேகவைக்கும்போது முடிச்சு எந்த வகையில் விழுகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கந்தகம் அதிகம், ஆக்சிலரேட்டர் (வேகவைப்பதை விரைவுபடுத்தும் ரசாயனம்) குறைவு என்றால் ஒவ்வொரு முடிச்சும் நாலைந்து கந்தக அணுக்கள் கோத்த சங்கிலி. கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் நடுவில் உள்ள பிணைப்பின் பலம் மோலுக்கு 270 கிலோஜூல்கூட வராது, சூட்டில் அவிழ்ந்து பக்கத்தில் இன்னொன்றோடு கட்டிக்கொள்ளும். கந்தகத்தைக் குறைத்து ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் ஒற்றைக் கந்தக முடிச்சு, கார்பன்-கந்தகப் பிணைப்பு, சுமார் 285. பெராக்சைடில் வேகவைத்தால் கார்பனும் கார்பனும் நேராகக் கைகோக்கும், சுமார் 350. எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும், அவிழும் வேகத்தில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பல கந்தக முடிச்சுக்கும் மரியாதை உண்டு, கிழிசலையும் மடங்கி மடங்கி ஆடுவதையும் அதுதான் தாங்கும். டயருக்கும் என்ஜின் மவுண்டுக்கும் அது வேண்டும். சும்மா நசுங்கி உட்கார்ந்திருக்கும் ரிங்குக்கு வேண்டாம்.

உங்கள் லைனில் ஓடுவது வெந்நீர், எண்ணெய் அல்ல. பிறகு எதற்கு நைட்ரைல்? கடையில் ஓ-ரிங் என்று கேட்டால் நைட்ரைல்தான் கொடுப்பார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பெராக்சைடு க்யூர் ஈ.பி.டி.எம். (இதுவும் ஒரு செயற்கை ரப்பர்) போடுங்கள். வெந்நீருக்கு அதைவிடப் பொருத்தமான சரக்கு இந்த விலையில் கிடையாது. "பெராக்சைடு க்யூர்" என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள், வெறுமனே ஈ.பி.டி.எம். என்று எழுதினால் கந்தக க்யூர் வரும், அது இந்த விஷயத்தில் உங்கள் நைட்ரைலுக்கு ஒன்றும் பெரிய அண்ணன் இல்லை. அப்புறம் அசெம்பிளி பெஞ்சில் இருக்கும் கிரீஸ் டப்பாவை முதலில் அப்புறப்படுத்துங்கள். ஈ.பி.டி.எம்.மும் பெட்ரோலியம் கிரீஸும் ஒத்துப்போகாது, வாஸ்லின்கூடக் கூடாது, உப்பிக்கொள்ளும். சிலிகான் கிரீஸ் மட்டும்.

சரக்கு சரியாக இருந்தும் கெடுக்கிற இடம் ஒன்று உண்டு, மோல்டிங் பிரஸ். நான் முன்பு வேலை பார்த்த ஒரு யூனிட்டில் ஆர்டர் நெருக்கடியில் க்யூர் நேரத்தை ஆறு நிமிடத்திலிருந்து நாலாகக் குறைத்தார்கள். ஹார்ட்னெஸ் ஒரு புள்ளிதான் குறைந்தது, கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை, பாஸாகிப் போய்விட்டது. அரைவேக்காடு ரிங் வேலை செய்கிற இடத்தில் சூடு பட்டதும் மிச்ச க்யூரை அங்கேயே முடித்துக்கொள்ளும், அதாவது நசுங்கிய நிலையிலேயே புது முடிச்சு போட்டுக்கொள்ளும். மூன்று மாதத்தில் தட்டையாகித் திரும்பி வந்தது. அந்த 22 மணி நேர சோதனைக்கு மதிப்பு இருக்கும் இடம் இதுதான், ஆகவே அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, ஒவ்வொரு லாட்டுக்கும் கேளுங்கள். விலை ரொம்பக் குறைவாக வரும் சரக்கில் களிமண்ணும் சுண்ணாம்பும் எண்ணெயும் அள்ளிப் போட்டிருப்பார்கள், அதில் நகர்தலே அதிகம், வெந்நீரில் எண்ணெய் கசிந்து ரிங் இளைக்கவும் செய்யும்.

நசுக்கலை 25-லிருந்து 35 ஆக்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். விசை ஆரம்பத்தில் கூடும், குறையும் விகிதம் பெரிதாக மாறாது, கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ரப்பர் உருவம் மாறுமே தவிரக் கனஅளவு குறையாது, சூட்டில் விரிந்து காடி நிரம்பிவிட்டால் பிதுங்கி ஓரத்தில் வெட்டுப்படும். ஏற்கெனவே சொட்டுகிற பம்பில் போல்ட்டை இன்னும் முறுக்கிப் பார்ப்பதும் வீண் வேலை, ஓ-ரிங் ஜாயின்டில் உலோகம் உலோகத்தில் முட்டி நிற்கிறது, ரிங்குக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஷீட் கேஸ்கெட் போட்ட ஃபிளேஞ்சாக இருந்தால், மாட்டிய மறுநாள் ஆறிய நிலையில் ஒரு தடவை இறுக்கலாம், முதல் நாள் நகர்தலை அது ஈடுகட்டும். மாதக்கணக்கில் சூட்டில் ஓடிய கேஸ்கெட்டை இறுக்கினால் கெட்டிப்பட்ட ரப்பர் பிளந்துதான் போகும்.

வீட்டில் குக்கர் கேஸ்கெட்டை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகிவிடுகிறதே என்று பின்னூட்டத்தில் ஒரு அம்மா எழுதியிருந்தார். மூடியில் இருந்து விடுபட்டு ஓய்வெடுத்ததில் நகர்தல் பங்கு கொஞ்சம் திரும்பி வரும், குளிரில் விறைப்பாகவும் இருக்கும், அன்றைக்கு விசில் வரும். அறுந்த சங்கிலி ஃப்ரீசரில் ஒட்டாது. சமையல் முடிந்ததும் மூடியைப் பூட்டி வைக்காமல் கவிழ்த்து வைப்பது அதைவிட உருப்படியான பழக்கம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: புகார் வந்த பம்ப்களுக்கு பெராக்சைடு ஈ.பி.டி.எம். ரிங்கை மாற்றிவிடுங்கள், புகார் வராத அதே லாட்டுக்கும் அடுத்த மார்கழிக்குள் மாற்றிவிடுங்கள். சப்ளையரிடம் 100 டிகிரியில் 1,000 மணி நேர விசைத் தளர்வு வளைவு ஒன்று கேளுங்கள், தண்ணீரில் வைத்து எடுத்ததாக, ஆறிய பின் அளந்ததாக. 100 டிகிரி என்பதால் மூடிய கலத்தில்தான் வைக்க வேண்டும். வசதி இல்லை என்றால் அதே சூட்டில் அதே நேரத்துக்குக் கம்ப்ரெஷன் செட்டாவது தரட்டும். கழற்றிய பழைய ரிங்குகளை அளக்கும்போது, வெளியே எடுத்த நேரத்தைப் பையில் எழுதி வைத்து, சரியாக அரை மணி நேரம் கழித்து வெர்னியர் வையுங்கள். கழற்றிய சூட்டோடு அளந்து 70 சதவீதம் என்று கொண்டுபோய் நீட்டினால் சப்ளையர் அந்த அரை மணி நேரத்தை வைத்தே உங்களை மடக்கிவிடுவார்.